பள்ளியில் இசை வேண்டுவது ஏன்?

பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இசை கற்பிக்க வேண்டுமென்று நாம் கூறும்போது, நம்மவரிடமிருந்தே மூன்று மறுப்புகள் எழுகின்றன. ஏழைப் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது கணக்கும் ஆங்கிலமும் பிழைக்கும் வழியும் அன்றோ, பாட்டு எதற்கு என்பது முதல் மறுப்பு. பறையைக் கழுத்திலிருந்து இறக்கி வைத்த மக்கள் மறுபடியும் மேளத்தின் பக்கம் போகலாமா என்பது இரண்டாவது. ஆடல் பாடல்களை விலக்குக என்று சீலம் கூறியிருக்க, பௌத்தர் இசையை வேண்டலாமா என்பது மூன்றாவது. மூன்றும் பொருளற்ற மறுப்புகள் அல்ல. ஆகவே ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்வோம். அதற்கு முன், இசை இதுவரை யாரிடம் இருந்தது, எவ்வாறு கை மாறிற்று என்பதைத் திருவனந்தபுரத்தின் வரலாற்றைக் கொண்டே பார்ப்பது நலம்.

திருவனந்தபுரம் இசைக்குப் பேர்போன நகரம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு அரசாண்ட சுவாதித் திருநாள் மன்னர் தாமே பல கீர்த்தனைகளை இயற்றியவர். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அவருடைய அவையை அணி செய்தார். பத்மநாப சுவாமி கோவிலை அடுத்த நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் கச்சேரிகள் நடப்பது இன்றும் வழக்கம். ஆயினும் அந்த இசை யாருடைய செவிக்கு எட்டிற்று? திருவிதாங்கூரில் கோவிலைச் சூழ்ந்த வழிகளில் நடக்கவும் உரிமையற்றிருந்த மக்கள், கோவிலிலும் அரண்மனையிலும் வளர்ந்த இசையைக் கேட்பது எங்ஙனம்? கேட்காதவன் கற்பது எங்ஙனம்? அவனுக்கு இசை வராது என்று பின்னர்ச் சொன்னார்கள். நீரருகே விடாமல் தடுத்துவிட்டு, இவனுக்கு நீந்தத் தெரியாது என்று பழிப்பதற்கு இது ஒப்பாகும்.

இக்கட்டை முதலில் உடைக்க முயன்றது பாட்டன்று, பள்ளிக்கூடம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரிற் பிறந்த அய்யன்காளி (1863–1941) தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்க வேண்டுமென்று போராடியதை அறியாதார் இல்லை. எங்கள் பிள்ளைகள் படிக்காவிடில் உங்கள் வயல்களில் எங்கள் கைகள் இறங்கா என்னும் கருத்தில் உழவுத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஒரு சிறு பெண் பலகையில் உட்கார்ந்தாள் என்பதற்காக ஒரு பள்ளியைக் கொளுத்தினார்கள் என்றால், பள்ளி என்பது எத்தகைய ஆற்றலுடையது என்பதை அக்கொளுத்தியவர்கள் நம்மைக் காட்டிலும் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கோவில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1939ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்தில் ஓர் இசைக் கழகம் தோன்றிற்று. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் தலைவராயினார். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாசய்யர் அப்பொறுப்பை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். 1962ஆம் ஆண்டு முதல் அது சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்னும் பெயருடன் நடந்து வருகிறது. இதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. குருவின் வீட்டில் தங்கிப் பயிலும் முறையில், யார் வீட்டுக்குள் வரலாம் என்பதைக் குருவின் குடும்பமே முடிவு செய்யும். கல்லூரியிலோ விண்ணப்பத் தாளும் தேர்வும் முடிவு செய்யும். விண்ணப்பத் தாளிலும் சாதி எழுதப்படலாம். தேர்விலும் ஓரம் இருக்கலாம். எனினும் அங்கே கேள்வி கேட்க இடமுண்டு. வீட்டு வாசலில் நின்று நீதி கேட்க இயலாது.

இம்மாற்றத்தின் பயனை இருவர் வாழ்க்கையைக் கொண்டு அறியலாம். 1924ஆம் ஆண்டிற் பிறந்த பாறசாலை பொன்னம்மாள் அந்த இசைக் கழகத்தில் முதன்முதற் சேர்ந்த மாணவியாவார். பதினெட்டு வயதில் திருவனந்தபுரம் காட்டன் ஹில் பெண்கள் பள்ளியில் இசையாசிரியை ஆனார். பின்னர்த் தாம் படித்த நிறுவனத்திலேயே ஆசிரியை ஆனார். திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வருமானார். இவ்வளவும் ஆன பின்னரும் நவராத்திரி மண்டபத்தில் பெண் பாடலாகாது என்னும் கட்டு நின்றுகொண்டே இருந்தது. அது 2006ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று. அன்று பாடியவர் எண்பது வயதைக் கடந்த அந்த அம்மையாரே. அவர் 2021ஆம் ஆண்டில் மறைந்தார். பள்ளி அவரை ஆசிரியையாக ஏற்று அறுபது ஆண்டுகளுக்கு மேற்சென்ற பின்னரே மண்டபம் அவரைப் பாடகியாக ஏற்றது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

மற்றொருவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். தாழ்த்தப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இசைக் கல்லூரிகளிற் பயின்று, திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் கலைஞராகப் பணியாற்றி, கேரளத்தின் சிறந்த கருநாடக இசைப் பாடகருள் ஒருவராக மதிக்கப்பெற்று, 2008ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய குரல் அவரோடு பிறந்தது. அதைப் பண்படுத்தும் வழியோ அவர் குடும்பத்தில் இல்லை. பொதுக் கல்வி நிலையத்தில் இருந்தது. அத்தகைய நிலையம் இல்லாதிருப்பின் அக்குரல் என்னவாகியிருக்கும்? வயல் வரப்பில் எத்தனையோ குரல்கள் கேட்பாரின்றி ஒலித்து அடங்கியது போலத் தானும் அடங்கியிருக்கும்.

இவற்றிலிருந்து நாம் பெறுவது யாதெனில், பிறப்பும் பொருளும் இசையைப் பங்கிட்டுக் கொடுத்த உலகில், அவ்விரண்டையும் கேளாமல் இசையைக் கொடுக்கக்கூடிய இடம் பள்ளி ஒன்றே என்பதாம். பள்ளியிலிருந்து இசையை எடுத்துவிட்டால் உலகிலிருந்து இசை போய்விடாது. அது மறுபடியும் பிறந்த வீட்டுக்கும் பணப்பைக்கும் உரியதாகிவிடும். அவ்வளவே.

இன்றைய நிலை என்ன? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருப்பின், கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் ஒருவர் வேண்டுமென்று கூறுகிறது. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் பத்தாம் வகுப்பு வரை கலை ஒரு பாடமாக இருத்தல் வேண்டுமென்று கூறிற்று. சட்டத்திற் சொல் இருக்கிறது. பள்ளியிற் பாட்டு வாத்தியார் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கலைக்கு ஒரே ஆசிரியர் என்றால் ஓவியம் வந்த இடத்தில் இசை இல்லை. இசை வந்த இடத்தில் ஓவியம் இல்லை. நூறு பிள்ளைகள் சேராத சிறு பள்ளிக்கோ இரண்டும் இல்லை. அத்தகைய பள்ளியிற் படிப்போர் பெரும்பாலும் யாருடைய பிள்ளைகள் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

கேரளத்தில்தான் பள்ளிக் கலோத்சவம் இருக்கிறதே என்பர். உண்மை. 1957ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் தொடங்கிய அவ்விழா நாட்டுக்கே பெருமை. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63ஆம் விழாவில், மங்கலம்களி, பணியர் நடனம், இருளர் நடனம் முதலான ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டியிற் சேர்க்கப்பட்டன. இதை நாம் மகிழ்ந்து பாராட்டுகிறோம். எனினும் போட்டி வேறு, பாடம் வேறு. போட்டி என்பது முன்னரே கற்றவனைக் கண்டெடுப்பது. பாடம் என்பது கல்லாதவனுக்குக் கற்பிப்பது. பள்ளியிற் பாடம் இல்லாமல் போட்டி மட்டும் இருக்குமானால், வீட்டுக்கு ஆசிரியரை வரவழைத்துப் பணங்கொடுத்துக் கற்ற பிள்ளையே மேடையேறுவான், மற்றவன் கைதட்டுவான். கைதட்டவும் பிள்ளைகள் வேண்டும் என்பது மெய்தான். ஆனால் ஆண்டுதோறும் அதே வீட்டுப் பிள்ளைகளே கைதட்டுவது அறமாகுமா?

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

முதலாவது, பிழைப்பைப் பற்றியது. கணக்கும் மொழியும் முதலில் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு பாடவேளை பாடியதால் கணக்குக் கெட்டது என்று எவரும் காட்டியதில்லை. வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைக்குக் கணக்கா இசையா என்று கேட்டுக்கொண்டு திகைப்பதில்லை; இரண்டையும் கொடுக்கிறார்கள். இசை வீண் என்றால் அவர்கள் பணத்தைக் கொட்டுவானேன்? ஒன்றைத் தேர்ந்தெடு என்னும் கட்டளை ஏழைக்கு மட்டுமே பிறப்பிக்கப்படுகிறது. அதை நாமே நம் வாயாற் கூறிக்கொள்ளுதல் தகாது.

செலவு மிகும் என்பாரும் உளர். அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்டான் கோடாய் (1882–1967) இதற்கு நல்ல விடை தந்தார். பிள்ளைக்கு முதற் கருவி அவனுடைய தொண்டையே. அது ஏழையிடமும் உண்டு என்பது அவர் முறையின் சாரம். தம் நாட்டு நாட்டுப்பாடல்களைக் கொண்டே அவர் இசைக்கல்வியை அமைத்தார். 1950ஆம் ஆண்டில் கெச்கெமேட் என்னும் ஊரில் அம்முறையைத் தழுவிய முதல் இசைத் தொடக்கப் பள்ளி தோன்றிற்று. பெரும்போரில் நொறுங்கி எழுந்து கொண்டிருந்த நாடு அது. செல்வத்தில் மிதந்த நாடு அன்று. ஒரு சுருதிப் பெட்டியும் நல்ல ஆசிரியர் ஒருவரும் இருந்தால் நம் பள்ளியிலும் தொடங்கலாம்.

இன்னொன்றும் கூறுவோம். யாம் பஞ்சாலையில் உழைத்த ஆண்டுகளில், ஆலைத் தொழிலாளிக்குச் செவியே பாதி அறிவு என்பதைக் கண்டோம். நூற்கும் எந்திரம் சீராக ஓடுகிறதா, எங்கேனும் பட்டை தளர்ந்ததா, கதிர் உராய்கிறதா என்பதைக் கண் காணுமுன் காது அறிவிக்கும். நூறு எந்திரங்களின் இரைச்சலுக்கிடையே தன் எந்திரத்தின் குரலைப் பிரித்தறியும் அந்தப் பயிற்சியை எவரும் வீண் என்று சொன்னதில்லை. ஏனெனில் அதனால் முதலாளிக்கு இலாபம். அதே செவி ஒரு பண்ணைப் பிரித்தறிந்து மகிழக் கற்றால் மட்டும் வீணாகிவிடுமா? தொழிலாளியின் காது எந்திரத்துக்கு மட்டும் உரியதென்று கொள்வது, அவனுடைய கை மட்டும் போதும், அவன் வேண்டா என்று கொள்வதே.

இரண்டாவது மறுப்பு நம் உள்ளத்தை நேரே தொடுவது. சாவு வீட்டில் பறையடிப்பதும், ஊர்ச் சாட்டு கொட்டுவதும் எம் கடமையல்ல என்று நம் முன்னோர் பல ஊர்களிற் சொன்னார்கள். அதற்காக வேலையிழந்தார்கள், ஊர் விலக்குக்கு ஆளானார்கள், அடிபட்டார்கள். அந்த மானத்தை நாம் ஒருபோதும் சிறிதென்று எண்ணலாகாது. ஆனால் அவர்கள் மறுத்தது எதை? ஓசையையா, கட்டாயத்தையா? இன்ன சாதியிற் பிறந்தாய், ஆகையால் இன்ன கருவியை இன்ன இடத்தில் அடிப்பாய் என்னும் விதியையே மறுத்தார்கள்.

மணிமேகலைக் காப்பியத்தை ஈண்டு நினைவு கூர்வோம். கணிகையர் குலத்துக்கு உரியனவென்று விதிக்கப்பட்ட ஆடலும் பாடலும் யாழும் பிறவும் மணிமேகலைக்குக் கற்பிக்கப்பட்டன. அவள் அவ்வாழ்வை நீங்கி அறநெறியில் நின்றபோது, பாட்டியாகிய சித்திராபதி குலத்தொழிலுக்கு மீட்டுவர முயன்றாள். மணிமேகலை நீங்கியது யாழ் தீயது என்பதனால் அன்று. குலத்தின் பெயரால் ஒருத்தியின் வாழ்வை மற்றவர் முடிவு செய்யும் தளையினின்றே அவள் நீங்கினாள். பிறப்பால் விதிக்கப்பட்ட கலை தளையாகும். விரும்பிக் கற்கும் கலை தளையாகாது.

ஆதலால் நாம் வேண்டும் இசை வகுப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. நம் பிள்ளையின் கையிற் பறையையும், பிறர் பிள்ளையின் கையில் வீணையையும் கொடுக்கும் வகுப்பு நமக்கு வேண்டா. அது பழைய ஊரைப் பள்ளிச் சுவருக்குள் மறுபடி கட்டுவதாகும். எல்லாப் பிள்ளைகளும் சுரம் பாடட்டும். எல்லாப் பிள்ளைகளும் பறையும் பழகட்டும். மேற்குடிப் பிள்ளை பறையை எடுத்து அதன் தாளக் கணக்கைக் கற்க வியர்க்கும் நாளில், அது எளிய வித்தையன்று என்பதை அவன் அறிவான். அதை அடித்தவரை இழிந்தவர் என்று சொல்ல அவன் நா கூசும். வயலிற் பிறந்த பாட்டும் அரண்மனையிற் பிறந்த பாட்டும் ஒரே பலகையில் எழுதப்படட்டும். கேரளத்தில் பொய்கையில் அப்பச்சன் (1879–1939) அடிமைப்பட்ட மக்களின் துயரத்தைப் பாடல்களாலேயே அவர்களுக்கு உணர்த்தினார். ஏட்டில் இடம்பெறாத மக்களுக்குப் பாட்டே வரலாறாக நின்றது. அத்தகைய பாடலும் பாடமாக வேண்டும்.

மூன்றாவது, சீலத்தைப் பற்றியது. ஆடல், பாடல், இசைக்கருவி, காட்சி ஆகியவற்றினின்று விலகுக என்பது உபோசத நாளில் உபாசகர் மேற்கொள்ளும் எட்டுச் சீலங்களுள் அடங்கியது, துறந்தார்க்கும் உரியது. இல்லறத்தார் நாளும் காக்கும் பஞ்சசீலத்தில் அவ்விலக்கு இல்லை. தம்மத்தை நீட்டி முழக்கிப் பாட்டாக ஓதுவதில் உள்ள ஐந்து கேடுகளை அங்குத்தர நிகாயம் எடுத்துரைப்பதும் உண்மையே. ஓதுபவன் தன் குரலிலேயே மயங்குவான், கேட்பவரும் பொருளை விட்டு ஓசையில் மயங்குவர் என்பன அவற்றுட் சில. அது துறவியர்க்குக் கூறிய எச்சரிக்கை. சிறுவர் வகுப்பில் சுரம் பயில்வதற்கு இட்ட தடையன்று. எனினும் அதன் உட்பொருளை நாமும் மறத்தலாகாது. மயக்கும் இசையும் உண்டு. விழிப்பூட்டும் இசையும் உண்டு. வேறுபாடு அறியக் கற்றவனே மயங்காமல் இருப்பான். இன்று பிள்ளையின் காதில் இரவும் பகலும் கைப்பேசி பாடிக்கொண்டிருக்கிறது. இசையே வேண்டா என்றால் அது நிற்கப் போவதில்லை. நல்லதைத் தேர்ந்தெடுக்கும் செவியைக் கொடுப்பதே நம்மாற் கூடியது.

சோணர் என்னும் பிக்குவின் வரலாற்றை நம் அன்பர் பலமுறை கேட்டிருப்பர். பாதம் வெடித்துக் குருதி கசியும் வரை நடந்து நடந்து முயன்றும் விடுதலை கிட்டாமையால் அவர் மனந்தளர்ந்தார். பகவர் அவரிடம் தத்துவம் பேசவில்லை. இல்லறத்தில் நீ வீணை வல்லவனாய் இருந்தாயன்றோ, நரம்பை மிக முறுக்கினால் இசைக்குமா, மிகத் தளர்த்தினால் இசைக்குமா என்று வினவினார். சோணருக்கு உடனே விளங்கிற்று. வீணையைத் தொட்டறியாதவனிடம் இவ்வுவமை என்ன பயன் தரும்? சோணரின் விரல் அறிந்திருந்ததனால் அவர் மனம் அறிந்தது. தீக நிகாயத்தில், பஞ்சசிகன் வீணை மீட்டிப் பாடியபோது, நரம்பின் ஒலியும் குரலும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இசைந்தன என்று பகவர் பாராட்டியதும் காண்கிறோம்.

ஒன்றையொன்று மிஞ்சாமை என்னும் இதுவே பள்ளி இசையின் அறப்பயன் என்று நாம் கருதுகிறோம். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது, தன் குரலை மட்டும் உயர்த்துபவன் பாட்டைக் கெடுக்கிறான். பக்கத்திலிருப்பவன் குரலைக் கேட்டு, அதற்குத் தக்கவாறு தன் குரலை வைக்க வேண்டும். பக்கத்திலிருப்பவன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று சுருதி கேட்பதில்லை. சமத்துவத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவான். சேர்ந்து பாடச் சொன்னால் அதைச் செய்தே ஆக வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பாட்டு வகுப்பில் ஒரு மதத்தின் துதியையே எல்லாப் பிள்ளைகளும் பாட வேண்டி வருமோ? இந்த அச்சம் நியாயமானது. அரசியற் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசுப் பணத்தால் நடக்கும் பள்ளிகளில் மதபோதனை கூடாது என்கிறது. கேரளத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. தம் சமய நம்பிக்கை காரணமாக, நாட்டுப்பண் பாடப்படுகையில் மரியாதையுடன் எழுந்து நின்று, பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்நீக்கம் தவறென்று தீர்ப்பளித்தது. நாட்டுப்பண்ணுக்கே இவ்விதி என்றால், எந்தத் தெய்வத்தின் துதியையும் ஒரு பிள்ளைமேல் சுமத்த முடியாது என்பது தெளிவு. சுரமும் தாளமும் எம்மதத்துக்கும் உரியன அல்ல. பாடல்களோ பல மக்களிடமிருந்தும் எடுக்கப்படட்டும். பாட விரும்பாத பாட்டின்போது வாய்மூடி இருக்கும் உரிமையும் பிள்ளைக்கு இருக்கட்டும்.

ஆகவே அன்பர்களே, இதைப் படித்து நன்று என்று மடித்து வைத்துவிடல் வேண்டா. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். அவருட் பின்தங்கிய மக்களுக்கும் உரிய இடம் உண்டு. அக்குழுக் கூட்டத்துக்கு நம்மவர் பலர் செல்வதேயில்லை. இனிச் செல்லுங்கள். சோறும் கட்டடமும் சீருடையும் பற்றிக் கேட்கையில் இவற்றையும் கேளுங்கள்: இப்பள்ளியில் இசை கற்பிக்க ஆசிரியர் உண்டா? எல்லா வகுப்புக்கும் பாடவேளை உண்டா, அன்றிப் போட்டிக்குப் போகும் நாலு பிள்ளைகளுக்கு மட்டுமா? எந்தப் பாடல்கள் கற்பிக்கப்படுகின்றன? எந்தப் பிள்ளையின் கையில் எந்தக் கருவி கொடுக்கப்படுகிறது? விடையைக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். விடை இல்லை என்றால், இல்லை என்றே எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து மீண்டும் கேளுங்கள்.